கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு கித்தார்

மின்சாரக் கித்தாரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் நட்ட மனிதன் மலேசியாவின் மூவார் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். நட்டதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். காலையும் மாலையும் தண்ணீர் வேறு ஊற்றினேன். இத்தனைக்கும் நான் அப்போது விவரம் தெரியாத குழந்தை இல்லை. இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம், வயது பதின்மூன்று. மலாய்மொழிப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள். நடந்த கூத்து அத்தனைக்கும் அந்த முதல் இடம்தான் காரணம் என்று இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன். கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

கித்தார் என்னுடையதில்லை, சித்தப்பாவுடையது. அப்பா லோரியில் மரச்சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி, அதே மரச்சாமான் தொழிற்சாலையில் மெருகு போடும் பிரிவில் வேலை பார்த்தார். கட்டிலோ அலமாரியோ, அவர் கை பட்டால் முகம் பார்த்துத் தலைசீவலாம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிற மனிதர்தான். பெண் பார்க்கக் கூப்பிட்டால் மட்டும் அவருக்கு ஓவர்டைம் வந்துவிடும்.

ஒரு நாள் அவர் பெயருக்கு நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

"என்ன தம்பி, அயர்ன் பண்ற பலகையா?" என்றார் அம்மா ஆசையோடு.

"கித்தார், அண்ணி. நாமே செஞ்சுக்கறது."

"கடையில செஞ்சு வச்சிருக்கிறதை வாங்கினா என்னவாம்?"

"அது எல்லார்கிட்டயும் இருக்கும்லா."

பெட்டிக்குள் மெருகு போடாத மர உடல், தனியாக ஒரு கழுத்து, சுருட்டி வைத்த கம்பிகள், ஒரு பொட்டலம் திருகாணி, குடல் மாதிரி வயர்கள், கூடவே செய்முறை சொல்லும் ஒரு மலாய்த் தாள் இருந்தன. சித்தப்பா அந்த மரத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நாக்கால் தொட்டுப் பார்க்காததுதான் பாக்கி. பிறகு எங்கள் இருவருக்கும் வேலையைப் பிரித்தார்.

"நான் மரம். நீ கரண்டு."

அவருக்கு மின்சாரம் என்றால் பயம். பல்பு மாற்றுவதற்கே செருப்புப் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஏறுகிற ஆள். நானோ ஒரு முறை டார்ச் விளக்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, அது எரிந்தும் இருக்கிறது. போதாதா தகுதி?

மரத்தைப் பொறுத்தவரை சித்தப்பா ஒரு குறையும் வைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தலையை அவர் இஷ்டத்துக்கு அறுத்து வளைத்தார். உடலின் நடுவில் ஒரு சின்னத் துளையைக் கண்டதும், "பூச்சி அரிச்சிருக்கு பாரு, கட்டை பழசு" என்று திட்டிக்கொண்டே புட்டிப் பசை வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டார். மரச்சாமான்காரருக்கு மரத்தில் துளை என்றால் பூச்சிதான். பிறகு தேக்கு நிறத்தில் மெருகு ஏற்றினார். சத்தம் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் திருகு பிடிக்காமல், மேசை இழுப்பறைக்கு வைக்கிற பித்தளைக் குமிழை அங்கே பொருத்தினார். முடிந்ததும் எங்கள் முன்னால் தூக்கிக் காட்டினார்.

"அலமாரிக்குக் கழுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றார் அம்மா. சித்தப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்து என் முறை. காணொளி பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். மலாயில் முதல் மாணவன் காணொளி பார்ப்பதா? தாளை எடுத்தேன். ஒட்டவேண்டிய வயர்களை முறுக்கி டேப் சுற்றினேன். கடைசியில் ஒரு கறுப்பு வயர் மட்டும் போக்கிடம் இல்லாமல் நின்றது. அதைப் பற்றித் தாளில் ஒரே வரி: 'சம்போங் வாயார் பூமி கெ ஜம்பாத்தான்.'

சம்போங் என்றால் இணை. வாயார் என்றால் வயர். பூமி என்றால் பூமிதான், மலாயாக இருந்தால் என்ன, தமிழாக இருந்தால் என்ன? ஜம்பாத்தான் என்றால் பாலம்.

"இந்த வயரை பூமியில விட்டு, பாலம் வரைக்கும் இழுக்கணுமாம் சித்தப்பா."

உப்புத்தாள் தூசுக்காக மூக்கில் துணி கட்டியிருந்த சித்தப்பா பாதிதான் கேட்டார். "எந்தப் பாலம்?"

"நம்ம ஊர்ல ஆத்துப் பாலம்தானே இருக்கு."

"அது ரொம்ப தூரம்லா."

"பாலம் அச்சுப்பிழையா இருக்கும். பூமி சரிதான். அது வாசல்லயே இருக்கு."

"நீதான் படிச்சவன்" என்றார் சித்தப்பா.

கறுப்பு வயரோடு வேறொரு நீள வயரை முடிச்சுப் போட்டு, சன்னல் கிராதி வழியாக வெளியே இழுத்து, அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியில் விரல் ஆழத்துக்குப் புதைத்தேன். சித்தப்பா பழைய சாமான் கடையில் பிடித்துவந்த ஸ்பீக்கர் பெட்டியில் கித்தாரை மாட்டி, பித்தளைக் குமிழைத் திருப்பினார்.

தேன்கூட்டை அப்படியே பெட்டிக்குள் வைத்து ஆட்டியது போல ஓர் இரைச்சல். கம்பியை மீட்டினால் அந்த இரைச்சலுக்கு நடுவில் எங்கோ ஒரு ராகம் காப்பாற்றச் சொல்லிக் கத்தியது.

"பூமி காஞ்சு கெடக்கு" என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றும் படலம். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. கறிவேப்பிலை மட்டும் என்றுமில்லாமல் தழைத்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மூலை வீட்டு அக்கா வந்து கேட்டைத் தட்டினார். ஓய்வுபெற்ற அப்பாவோடு இருப்பவர். மின்னணுத் தொழிற்சாலையில் கெட்டுப்போன மின்பலகைகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன்.

"அண்ணே, எங்கப்பாவுக்கு டிவியில செய்தி கேக்கலயாம். தினமும் என்னத்த அரைக்கிறீங்க?"

சித்தப்பா கித்தாரைக் காட்டினார். அக்காவின் கண்கள் கித்தாரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தன. சன்னல், கிராதி, வாசல், தொட்டி. கடைசியாகத் தொட்டியருகில் குவளையோடு நின்ற நான்.

சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். "டேய் தம்பி, வாயார் பூமின்னா எர்த் வயர்டா! இந்த பூமி இல்லடா!" அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். "நீதான் படிச்சவன்" என்று என்னை நம்பிய சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலமே அக்கா தன் சால்டரிங் அயர்னோடு வந்து, நான் டேப் சுற்றிய இடங்களை எல்லாம் பிரித்து ஈயம் வைத்து ஒட்டினார். இரைச்சல் பாதி குறைந்தது. மீதி அப்படியே நின்றது. தாளை ஒரு முறை படித்தார். கம்பிகள் ஏறி உட்கார்ந்திருக்கும் உலோகக் கட்டையைப் பார்த்தார். பூச்சித் துளையை அடைத்த புட்டியை விரலால் தடவினார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"இதுக்கு நெறைய நேரம் ஆகும். அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறேன். அதுவரைக்கும் இப்படிப் பண்ணலாம்."

வயர் சொருகும் இடத்திலிருக்கும் உலோகத் தகட்டின்மேல் ஒரு விரலை வைத்தார். இரைச்சல் சட்டென்று அடங்கியது. விரலை எடுத்தார், திரும்ப வந்தது. வைத்தார், அடங்கியது.

"நீங்க வாசிங்க அண்ணே" என்றார். சித்தப்பா வாசித்தார்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதைதான். அக்கா வருவார், எதையாவது பிரிப்பார், எதையாவது மாற்றுவார். ஒரு வாரம் புதிய சுவிட்சு, ஒரு வாரம் உள்ளே செம்புத் தாள், ஒரு வாரம் வேறு கம்பி. இரைச்சல் மட்டும் போகாது. கடைசியில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, எப்போதும் தப்புகிற அதே இடத்தில் தப்பி வாசிப்பார். "இன்னொரு தடவ" என்பார் அக்கா. இவரை எப்படித் தொழிற்சாலையில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தீராத சந்தேகம். சால்டரிங் அயர்னைக்கூட மறந்து எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற ஞாபகமறதிக்காரர்.

இன்னொரு குறையையும் கவனித்தேன். முதலில் வாய்க்கு வாய் "அண்ணே" என்றவர் போகப்போக அதைச் சொல்வதே இல்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்பதோடு சரி. மரியாதை தேய்ந்துகொண்டே வருவதாக அம்மாவிடம் புகார் கொடுத்தேன்.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தினார். "அண்ணேன்னு கூப்பிடறதே இல்லயா?"

"சத்தியமா இல்லம்மா."

"சரி, நீ ஒண்ணும் கேக்காதே" என்றார். திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தால், அன்றைக்கு முழுக்க என்னமோ பாடிக்கொண்டே வேலை செய்தார்.

அந்தப் பாட்டு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மூலை வீட்டுப் பொண்ணப் பாக்க கிள்ளான்லேருந்து வராங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை. பேசறவங்க அதுக்குள்ள பேசிக்க வேண்டியதுதான்."

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தார். எழுந்துபோய்க் கித்தாரை எடுத்து, தானே மெருகு போட்ட இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மறுநாளும் தேய்த்தார். கழுத்து வைத்த அலமாரி இளைத்துக்கொண்டே போனது. அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பாவமாக இருந்தது. மனிதரின் கவலை என்னவென்று புரிந்துகொள்ள மலாயில் முதலிடம் வேண்டுமா என்ன? இத்தனை வாரமாகியும் இரைச்சல் தீரவில்லை, வேறென்ன? நம்பியிருந்த டெக்னீஷியனோ கைக்கு உதவாதவர். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே வல்லுநர் நான்.

வியாழக்கிழமை பள்ளியில் மலாய் ஆசிரியரிடம் தாளை நீட்டினேன். கித்தாரில் கம்பிகள் ஏறிக் கடந்து போகும் அந்த உலோகக் கட்டைக்குத்தான் ஜம்பாத்தான் என்று பெயர் என்றார். பாலம் ஆற்றின்மேல் இல்லை, கித்தாரின் மேலேயே இருந்திருக்கிறது! அங்கே வயர் எப்படிப் போகும் என்று யோசித்தபோதுதான் பூச்சித் துளை நினைவுக்கு வந்தது. சித்தப்பா அடைத்தது பூச்சி போன வழியை இல்லை, வயர் போகவேண்டிய வழியை.

வெள்ளிக்கிழமை ஜொகூரில் எங்களுக்குப் பள்ளி விடுமுறை, சித்தப்பாவுக்கு வேலை. ஆணியால் புட்டியைக் குத்தி எடுத்தேன். கறுப்பு வயரைத் துளை வழியாக விட்டு, அதன் நுனியை உலோகக் கட்டைக்கு அடியில் வைத்துத் திருகினேன். ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டேன். சத்தமே இல்லை. பெட்டி செத்துவிட்டதோ என்று பயந்து ஒரு கம்பியைத் தட்டினேன். கோயில் மணி மாதிரிச் சுத்தமான ஒரு நாதம்.

இதைவிட நல்ல செய்தியை யாரிடம் முதலில் சொல்வது? மூலை வீட்டுக்கு ஓடினேன். வேலையிலிருந்து திரும்பியிருந்த அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே நீங்க வரவே வேணாம். கித்தார் சரியாயிடுச்சு!"

"யாரு சரி பண்ணுனது?"

"நான்தான். சித்தப்பாவோட பிரச்சினை தீந்துச்சு. பாவம், சனிக்கிழமை ஆனா அவரால வேற வேலையே பாக்க முடியல."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்தார். "சித்தப்பா அப்படிச் சொன்னாங்களா?"

"அவரு சொல்ல மாட்டாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "சரி. என் சால்டரிங் அயர்ன் ஒங்க வீட்ல இருக்கு. கொண்டாந்து குடுத்துரு."

வீட்டுக்கும் சித்தப்பாவின் மோட்டார்சைக்கிளுக்கும் நான் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடாமல் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கித்தார் முன்னால் நிறுத்தினேன்.

"கேக்குதா சித்தப்பா?"

"ஒண்ணும் கேக்கலயே."

"அதான்! இனிமே யாரும் விரல் வைக்க வேணாம்."

சித்தப்பா கித்தாரைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். நான் சொன்னது, அவர் கேட்டது, நான் சொன்னது, சால்டரிங் அயர்ன். ஒப்பிப்பதிலும் நான் முதல் மாணவன்தான். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "அலமாக்! இவனை நான்தான் பெத்தேனா?"

சித்தப்பா கருவிப் பெட்டியிலிருந்து வயர் வெட்டும் குறட்டை எடுத்தார். கித்தாரின் மூடியை நான் இன்னும் திருகியிருக்கவில்லை. அதை உள்ளே நுழைத்து, என் கறுப்பு வயரை, என் வாழ்நாள் சாதனையை, ஒரே கடியில் துண்டித்தார். மின்சாரத்துக்குப் பயந்த மனிதர் அவர்! கித்தாரை ஒரு கையிலும் சால்டரிங் அயர்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு மூலை வீட்டைப் பார்த்து நடந்தார். நியாயம் கேட்பதற்காக நான் பின்னால் ஓடினேன்.

அக்கா கேட்டருகில் வந்து நின்றார்.

"கெட்டுப் போச்சு" என்றார் சித்தப்பா.

"தம்பி இப்பதான் சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போனான்."

"எலி கடிச்சிருச்சு."

அக்கா மூடியைத் தூக்கி, வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செம்பு புதிதாய்ப் பளபளத்தது. "இவ்ளோ நேராக் கடிக்கிற எலியா?"

"மூவார் எலி."

அக்கா சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார். "இப்ப இதைச் சரி பண்ணணுமா?"

பெண் பார்க்க வரும்படி அம்மா கூப்பிட்டபோதெல்லாம் ஓவர்டைமுக்குள் போய் ஒளிந்த மனிதர், கேட்டின் இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பண்ண வேணாம். நீங்க வந்து விரல் வச்சாப் போதும். ஞாயித்துக்கிழமையும்."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு ஆள் வராங்க."

"தெரியும். அதான் சொன்னேன்."

வீட்டுக்குள் அக்காவின் அப்பா போட்டிருந்த டிவியில் செய்தி தெளிவாகக் கேட்டது. அக்கா சால்டரிங் அயர்னை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். வாங்கவில்லை, சித்தப்பாவின் கையோடு சேர்த்து அதை அவர் பக்கமே தள்ளினார்.

"இது அங்கயே இருக்கட்டும். மொதல்ல அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க. அப்பாகிட்ட இப்படியா பேசுவீங்க?"

கிள்ளான்காரர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அக்காதான் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாகூட லோரியைப் போட்டுவிட்டு வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பழுதான கித்தாரைப் பார்க்க இத்தனை பேர் எதற்கு, அதற்கு அம்மா ஏன் கேசரி கிண்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தட்டு எடுத்துப் போகிற வேலை மட்டும் கொடுத்தார்கள்.

அந்த அக்கா இப்போது எனக்குச் சித்தி. நானோ ஜொகூர் பாருவில் கல்யாண மண்டபங்களுக்கு ஒலியமைப்புச் செய்கிறேன். எந்த இரைச்சலும் என்னிடம் வாலாட்ட முடியாது. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் ஒரு கித்தார் மட்டும் இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. சரியாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு பொருளை இரண்டு பேர் இத்தனை பாடுபட்டுப் பாதுகாப்பார்கள் என்பது எந்தப் பாடத்திலும் எனக்கு வரவில்லை. அன்று என் தலையில் ஓடியதெல்லாம் எலிதான். சித்தப்பா பொய் சொல்ல மாட்டார், எலி கடித்து வைத்த இடத்தைத்தான் குறட்டால் வெட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மீன் அரைத்துச் சுட்ட ஒட்டா ஒட்டா துண்டு வைத்த எலிப்பொறி ஒன்றைக் கித்தாருக்குப் பக்கத்தில் வைத்துக் காவலும் இருந்தேன்.

எலி சிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சித்தப்பா தப்பித் தப்பி வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா தகட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புதிதாக வாங்கிய கறுப்பு வயரோடும் திருப்புளியோடும் அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

"சித்தப்பா, எலி கடிக்க முடியாத தடிச்ச வயரு. ஒரே நிமிஷம், சத்தத்த நிறுத்திடறேன்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

"தொட்டே, தொட்டியில ஒன்னை நட்டுருவேன்."